படம் சுருங்கலாம், எழுத்துச் சிதையலாகாது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். தேக்கா சந்தை தொடங்கி, சிராங்கூன் சாலை நெடுகிலும், கேம்பல் லேனிலும், வீரமாகாளியம்மன் கோயில் வாயிலிலும் மக்கள் திரள் நிறைந்திருக்கும். தமிழகத்திலிருந்து வந்தோரும், நம் ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து அங்கே வேலைக்குச் சென்றுள்ள இளைஞரும் அத்திரளில் உளர். ஏறக்குறைய எல்லார் கையிலும் கைத்தொலைபேசி உண்டு. ஊருக்குப் படம் அனுப்புவோர் சிலர். ஊரிலிருந்து வந்த படத்தைப் பார்த்து மகிழ்வோர் சிலர்.

அத்தகைய மாலையொன்றில், கேம்பல் லேனில் நம் தோட்டப்புறத்து இளைஞர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவர் ஒரு விண்ணப்பத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். அதில் தந்தையாரின் பிறப்புப் பத்திர எண்ணை எழுத வேண்டியிருந்தது. தந்தையார் தோட்டத்திலிருந்து பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

“ஐயா, இந்தக் கடைசி எண் மூன்றா, எட்டா? உங்கள் கண்ணுக்காவது தெரிகிறதா?” என்று அவர் கைத்தொலைபேசியை நீட்டினார்.

உற்றுப் பார்த்தும் விளங்கவில்லை. “எனக்கும் தெரியவில்லை, தம்பி. உத்தேசமாக எதையும் எழுதிவிடாதீர்கள்” என்றேன்.

“வேடிக்கையைப் பாருங்கள், ஐயா! மேசை விரிப்பிலுள்ள பூக்கள் நன்றாகத் தெரிகின்றன. எனக்கு வேண்டிய எண் மட்டும் தெரியவில்லை” என்று அவர் வருந்தினார். அவ்வெண்ணைச் சரிபார்ப்பதற்காகவே ஒரு நாள் கூலியை இழந்து ஊருக்குப் போய்வர வேண்டுமோ என்னும் கவலை அவருக்கு.

வேண்டாத பூ விளங்க, வேண்டிய எண் மறைந்தது ஏன்? படத்தைச் சிறிதாக்கும் முறையில் உள்ள ஓர் உண்மையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மின்னிலக்கப் படம் என்பது யாது?

கைத்தொலைபேசியில் நாம் எடுக்கும் படம், மிகச் சிறிய புள்ளிகளை வரிசை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டமாகும். அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று எண்கள் வேண்டும். ஆகவே, ஒரே படத்திற்கு 3 கோடியே 60 இலட்சம் எண்கள் தேவைப்படுகின்றன.

இத்தனை எண்களையும் அப்படியே அனுப்பினால் நேரமும் செலவும் மிகும். கைத்தொலைபேசியில் இடமும் விரைவில் தீர்ந்துவிடும். எனவே, படத்தைச் சுருக்கியே சேமிக்கின்றனர்; சுருக்கியே அனுப்புகின்றனர்.

சுருக்குதல் நமக்குப் புதிய செய்தியன்று. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்நீரையும் சேர்த்துத் தொலைதூரம் அனுப்புவது வீண் என்பதால், ஆலையில் பாலைச் சுழற்றி நீரைப் பிரித்து, ரப்பர் 60 விழுக்காடு அளவுக்குச் செறிந்த பாலாக ஆக்குகின்றனர். ரப்பர் வேண்டும், நீர் வேண்டா. படத்தைச் சுருக்குவதும் இத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாலில் எது நீர், எது ரப்பர் என்பதில் ஐயமில்லை. படத்தில் எது நீர், எது ரப்பர் என்பதை யார் முடிவு செய்வது? சிக்கல் அனைத்தும் இக்கேள்வியில்தான் அடங்கியுள்ளது.

இருவகைச் சுருக்கம்

சுருக்கம் இருவகைப்படும். முதலாவது, எதையும் இழவாச் சுருக்கம். ஒரு தொழிலாளி மாதம் முழுவதும் தவறாமல் வேலைக்கு வந்திருந்தால், கிராணியார் நாள்தோறும் ‘வந்தார், வந்தார்’ என்று எழுதுவதற்கு மாறாக, ‘மாதம் முழுவதும் வந்தார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். செய்தி குறையவில்லை, இடம் மட்டுமே மிச்சமாயிற்று. படத்திலும் 200 வெள்ளைப் புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால், ‘வெள்ளை 200’ என்று குறித்தால் போதும். வேண்டும்போது மூலப் படத்தை ஒரு புள்ளியும் மாறாமல் மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, சிலவற்றை இழக்கும் சுருக்கம். கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை என்று கருதப்படும் நுட்பங்களை இம்முறை நீக்கிவிடுகிறது. நீக்கியவை நீக்கியவைதாம், அவற்றை மீண்டும் பெற இயலாது. ஆயினும் படத்தின் அளவு வெகுவாகக் குறைவதால், கைத்தொலைபேசிப் படங்களில் இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. 1992ஆம் ஆண்டில் உலகப் பொதுத் தரமாக வகுக்கப்பட்ட ‘ஜேபெக்’ இவ்வகையைச் சேர்ந்தது.

இதற்கு அடிப்படையான கணித முறையை உருவாக்கியவர்களுள் இந்திய வம்சாவளியினர் இருப்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, 1972ஆம் ஆண்டில் இம்முறையை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிறுவனத்திடம் பொருளுதவி கோரினார், உதவி கிட்டவில்லை. அவர் மனம் தளராது ஆய்வைத் தொடர்ந்தார். தி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடனும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். இன்று உலகெங்கும் எடுக்கப்படும் எண்ணிலடங்காப் படங்கள் அக்கணக்கின் உதவியாலேயே சுருங்குகின்றன.

அக்கணக்குச் செய்வது என்ன? படம் முழுவதையும் எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மெல்ல மாறும் பகுதி எவ்வளவு, சட்டென்று மாறும் நுண்பகுதி எவ்வளவு என்பதை அக்கணக்கு வேறு பிரித்துக் காட்டுகிறது. பின்னர் மெல்ல மாறும் பகுதியைக் காத்து, சட்டென்று மாறும் பகுதியைப் பெரிதும் குறைக்கின்றனர். வானம், சுவர், கன்னம் போன்றவை மெல்ல மாறுபவை. அவற்றில் பெரிய இழப்புத் தோன்றாது.

எழுத்தோ அவ்வாறன்று. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிறது. ஆகவே, எழுத்தின் விளிம்பே முதலில் அடிபடுகிறது. எண் 3க்கும் எண் 8க்கும் உள்ள வேறுபாடு இடப்பக்கத்து இரு சிறு வளைவுகளே. இளைஞரின் படத்தில் மேசை விரிப்புப் பூக்கள் பெரியவை. நூற்றுக்கணக்கான சதுரங்களில் பரந்திருந்தவை. எண்ணோ சில சதுரங்களுக்குள் அடங்கிவிட்டது. பொறிக்குப் பூவும் ஒன்றே. பத்திர எண்ணும் ஒன்றே. எது முக்கியம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

ஒரு புள்ளியின் விலை

தமிழ் எழுத்துக்கு இவ்வாபத்து மேலும் அதிகம். ‘பல்’ என்பதில் உள்ள ஒரு புள்ளி மறைந்தால் அது ‘பல’ ஆகிவிடும். ‘மணம்’ என்பதில் ஒரு சுழி அழிந்தால் ‘மனம்’ ஆகிவிடும். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர் அச்சான ஏடுகளில், ணை, லை, னை போன்றவை கொம்பும் சுழியும் கூடிய பழைய வடிவில் உள்ளன. அவற்றின் வளைவுகள் இன்னும் நுண்ணியவை.

எழுத்து மங்கிவிட்டால் படிப்பவர் ஐயுறுவார், ஆராய்ந்து பார்ப்பார். எழுத்துத் தெளிவாகத் தோன்றியும் தவறாக இருந்தால் என்ன செய்வார்? அத்தகைய நிகழ்ச்சியும் உண்மையில் நடந்துள்ளது. 2013ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்த்து வியப்படைந்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பொறியொன்றில் எடுத்த நகலிலோ மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே இருந்தது!

காரணம் இதுதான். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் எழுத்து வடிவங்களை ஒரு முறை மட்டும் சேமித்து, அதையே பல இடங்களிலும் பதிக்கும் சுருக்க முறையை அப்பொறி கையாண்டது. சற்றே ஒத்திருந்த எண்களை அது ஒன்றென்றே கருதிவிட்டது. நகலில் மங்கலோ கறையோ இல்லை. எண் மட்டும் பொய்யாக இருந்தது. பின்னர் அந்நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. சுருக்கம் அளவு கடந்தால் தெளிவைக் கெடுப்பதோடு உண்மையையும் கெடுக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பழைய ஏடுகளைக் காக்கும் பணி

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், விக்டோரியா ஸ்திரீட்டில் சிங்கப்பூரின் தேசிய நூலகம் அமைந்துள்ளது. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய ஏடுகள் மின்னிலக்கப் படங்களாக்கப்பட்டு, நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. 2015ஆம் ஆண்டில், சிங்கப்பூர் விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டையொட்டி, அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய முயற்சியால், 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களும் மின்னிலக்க வடிவம் பெற்றன. அதே ஆண்டில் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் நம் முன்னோர் வரலாற்றைப் பேணி வருகிறது.

இத்தகைய பணியில் அளவுச் சிக்கல் எவ்வளவு பெரிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளிதழ்ப் பக்கம் 15 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் உடையது எனக் கொள்வோம். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் படமெடுத்தால், அகலத்தில் 4,500, உயரத்தில் 6,600, ஆகமொத்தம் 2 கோடியே 97 இலட்சம் புள்ளிகள் வரும். எட்டுப் பக்க இதழ் ஒன்றுக்கு ஏறத்தாழ 24 கோடிப் புள்ளிகள். ஆண்டில் 300 இதழ்கள் என்றால், பல ஆண்டுகளுக்கு எத்தனை? சுருக்காமல் இதனை மக்களிடம் கொண்டுசேர்க்க இயலுமா?

சுருக்கத்தான் வேண்டும். ஆனால், அப்பக்கங்களில் எது முக்கியம்? தலைப்புச் செய்தியா? தலைவர்களின் புகைப்படமா? 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, சாரங்கபாணி முன்னின்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டியதை நம்மில் மூத்தோர் அறிவர். அத்தகைய நிதி ஒன்றுக்குத் தம் கூலியிலிருந்து ஒரு வெள்ளி கொடுத்த தோட்டத் தொழிலாளியின் பெயர், ஏதோ ஒரு பழைய இதழின் மூலையில், மிகச் சிறிய எழுத்தில் இருக்குமாயின், அவருடைய பேரனுக்கு அந்தப் பக்கம் முழுவதிலும் அந்த ஒரு வரியே முக்கியமாகும். பொறி அதனை அறியுமோ?

இதனால்தான் பெரிய நூலகங்கள் பொதுவாக இருவகைப் படிகளை வைத்திருக்கின்றன. ஒன்று, நுட்பம் குறையாத மூலப்படி. அது பாதுகாப்பில் இருக்கும். மற்றொன்று, மக்கள் எளிதில் பார்ப்பதற்கான சுருங்கிய படி. இன்று முக்கியமல்ல என்று எண்ணுவது நாளை முக்கியமாகலாம் என்னும் முன்னெச்சரிக்கையே இதற்குக் காரணம்.

முக்கிய இடத்தைக் காத்துச் சுருக்கும் வழிகள்

படம் முழுவதையும் ஒரே அளவில் சுருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. முக்கியமான இடத்தைக் காத்து, மற்ற இடத்தை மட்டும் மிகுதியாகச் சுருக்கும் வழிகளை அறிஞர்கள் கண்டுள்ளனர். அவற்றுள் மூன்றை இங்குக் காண்போம்.

முதல் வழி, பின்புலத்தை முன்கூட்டியே மென்மையாக்குதல். முகமோ எழுத்தோ உள்ள இடத்தைத் தொடாமல், அதனைச் சூழ்ந்துள்ள இடத்தின் நுட்பத்தை முதலில் குறைத்துவிடுகின்றனர். பின்பு சுருக்கும்போது பின்புலச் சதுரங்களில் காக்க வேண்டியது அதிகமில்லை. மிச்சமான இடத்தை முக்கியப் பகுதிக்கு வழங்கலாம்.

இரண்டாம் வழி, அடுக்குகளாகப் பிரித்தல். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான ‘டேஜா வூ’ என்னும் முறை இதற்கு எடுத்துக்காட்டு. அம்முறை எழுத்தை ஓர் அடுக்காகவும், தாளின் நிறத்தையும் படங்களையும் வேறோர் அடுக்காகவும் பிரிக்கிறது. எழுத்தடுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் நுட்பத்தில் காக்கப்படுகிறது. பின்புலமோ அங்குலத்திற்கு 100 புள்ளிகளாகக் குறைக்கப்படுகிறது. அகலத்தில் மூன்றில் ஒன்று, உயரத்தில் மூன்றில் ஒன்று எனக் குறையும்போது, புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகின்றன. ஆயினும், மங்கிய கையெழுத்தையோ முத்திரையையோ பொறி பின்புலம் என்று தவறாகக் கருதிவிடக்கூடும். ஆகவே, மனிதக் கண் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாம் வழி, முக்கியமானதை முதலில் அனுப்புதல். 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘ஜேபெக் 2000’ என்னும் தரத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அதனை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பின்புலத்திற்கு உரிய எண்களுள் மிகப் பெரியது 90 என்று வைத்துக்கொள்வோம். முக்கிய இடத்திற்கு உரிய எண்கள் 1, 7, 35 என்க. இவற்றை மட்டும் 100ஆல் பெருக்கினால் 100, 700, 3,500 ஆகும். இப்பொழுது முக்கிய இடத்தின் மிகச் சிறிய எண்ணும் பின்புலத்தின் மிகப் பெரிய எண்ணைவிடப் பெரியதாகிவிட்டது. பெரிய எண்களை முதலில் அனுப்புவது அம்முறையின் வழக்கமாதலால், முக்கிய இடம் முழுவதும் முதலில் போய்ச் சேர்ந்துவிடும். பெறுகின்ற கணினி, 100க்குக் குறையாத எண் எதுவாயினும் அது முக்கிய இடத்தைச் சேர்ந்தது என்று உணர்ந்து, மீண்டும் 100ஆல் வகுத்துக்கொள்ளும். பின்புலத்தில் ஒரு பகுதி வழியில் கைவிடப்பட்டாலும் முக்கிய இடத்திற்கு ஊறில்லை. லாரி பாதி நிறைந்ததும் புறப்பட நேர்ந்தால், விலையுயர்ந்த சரக்கை முதலில் ஏற்றியவனுக்கு இழப்புக் குறைவு அன்றோ?

கத்தி கற்பிக்கும் பாடம்

மேற்கூறிய வழிகளின் உட்கருத்தை நம் கையிலுள்ள வெட்டுக் கத்தியே நமக்குப் பன்னாட்களாகக் கற்பித்து வருகிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888ஆம் ஆண்டில் அத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாளும் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். அம்முறையின் உயிர்நாடி யாது? பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வளர்படலத்தில் கத்தி படலாகாது. சீவிய பட்டை போனால் மீண்டும் வளரும். வளர்படலம் காயமுற்றால் அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக வளராது.

நல்ல வெட்டுத் தொழிலாளி எவ்வளவு சீவலாம் என்பதையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் ஒருங்கே அறிந்தவர். படத்தைச் சுருக்குவோரும் அவ்வாறே இருத்தல் வேண்டும். வானத்தையும் சுவரையும் சீவலாம். பெயர், எண், தேதி, முத்திரை, முகம் ஆகியவை படத்தின் வளர்படலம். அங்கே கத்தி படலாகாது.

நாம் செய்யத் தக்கவை

இவ்வறிவை அன்றாட வாழ்வில் பயன்படுத்துதல் அரிதன்று. பத்திரம், அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, முன்னோரின் பழைய புகைப்படம் முதலியவற்றைப் படமெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

1. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாதபடி, தாளைச் சமமாக விரித்து எடுக்க வேண்டும். கீழே பூப்போட்ட விரிப்பு வேண்டா. ஒரே நிறமுள்ள துணி போதும். வேண்டாத நுட்பம் குறைந்தால், படமும் எளிதில் சுருங்கும்.

2. தாள் மட்டும் சட்டம் நிறையுமாறு நெருங்கி எடுக்க வேண்டும். எண்ணும் பெயரும் உள்ள பகுதியைத் தனியே மற்றொரு படமாகவும் எடுக்க வேண்டும். முக்கிய இடத்திற்கு அதிகப் புள்ளிகளை வழங்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

3. செய்திச் செயலிகள் சாதாரணமாக அனுப்பும் படத்தைத் தாமாகவே சுருக்கிவிடுகின்றன. ‘வாட்ஸ்அப்’ போன்றவற்றில் படத்தைப் புகைப்படமாக அனுப்பாமல், ஆவணக் கோப்பாக அனுப்பினால் அது சுருக்கப்படாமல் சென்றடையும்.

4. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறி வந்த படத்தை மூலமாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு முறையும் சுருக்கிச் சேமிக்கும்போது மேலும் சிறிது இழப்பு நேர்கிறது.

5. மங்கிய படத்தைத் ‘தெளிவாக்கித் தரும்’ மென்பொருள்களைப் பத்திரங்களுக்குப் பயன்படுத்தலாகாது. இழந்த நுட்பத்தை அவை மீட்பதில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாமாக இட்டு நிரப்புகின்றன. மங்கிய எண்ணைவிடத் தெளிவான பொய் எண் கேடு மிக்கது.

6. அனுப்பியபின் பெற்றவரிடம், எண்ணைப் பெரிதாக்கிப் படித்துக் காட்டச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதுவரை மூலப் படத்தை அழிக்கலாகாது. தாளையோ எக்காலத்தும் பேணிக் காக்க வேண்டும்.

கேம்பல் லேனில் சந்தித்த இளைஞர் அன்று ஊருக்குப் போக வேண்டிய தேவை ஏற்படவில்லை. அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி ஒருத்தி பத்திரத்தை வாசற்படிக்குக் கொண்டுவந்து, எண் உள்ள மூலையை மட்டும் நெருங்கிப் படமெடுத்து, ஆவணக் கோப்பாக அனுப்பி வைத்தாள். கைத்தொலைபேசியில் அவ்வெண் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. அது எட்டு. “மூன்று என்றே எழுதியிருப்பேன், ஐயா” என்று அவர் பெருமூச்சுவிட்டார். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், மாதங்கள் வீணாகியிருக்கும்.

தோட்டத் தோழர்களே, பொறி விரைவாகச் சுருக்கும். ஆனால் எது உங்களுக்கு முக்கியம் என்பதை அது தானாக அறியாது. அதனைச் சொல்ல வேண்டியவர் நீங்களே. உங்கள் பெட்டியின் அடியிலுள்ள பழைய பத்திரத்தையும், தாத்தா பாட்டியின் மங்கிய புகைப்படத்தையும் இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். தாள் நைந்துபோவதற்கு முன், மேற்கூறிய முறைப்படி அவற்றைப் படமாக்கி, சுருக்காத படி ஒன்றைப் பாதுகாத்து வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் தேடும் அந்த ஒரு வரி அதில் இருக்கக்கூடும்.

பயிற்சி வினாக்கள்

1. எதையும் இழவாச் சுருக்கத்திற்கும் சிலவற்றை இழக்கும் சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்ட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.

2. சுருக்கும்போது வானத்தைவிட எழுத்து முதலில் கெடுவது ஏன்?

3. பின்புலத்தின் மிகப் பெரிய எண் 60. முக்கிய இடத்தின் எண்கள் 2, 5, 9. இவற்றை 100ஆல் பெருக்கி, எவை முதலில் அனுப்பப்படும் என்பதை வரிசைப்படுத்துக.

4. உங்கள் இல்லத்திலுள்ள ஒரு பத்திரத்தை எடுத்து, அதில் ‘கத்தி படலாகாத’ இடங்கள் எவை என்று பிள்ளைகளுடன் கலந்து பேசிக் குறிப்பெழுதுக.